மானக் குப்பை

சேலத்தில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த வீட்டை நினைத்தால் எனக்கு வீடு ஞாபகத்துக்கு வருவதில்லை. ஓர் இடுக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது. சூடான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவோமே, அதே சாதாரண இரும்பு இடுக்கி. ஆனால் அந்த இடுக்கி எந்தச் சமையலறையையும் கண்டதில்லை. வீட்டுக்காரம்மாவின் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்புவதற்குள் ஆணியை விட்டு இறங்கி, எங்கள் மூன்று குடித்தனங்களின் வாளிகளுக்குள்ளும் ஒரு சுற்றுப் போய்வந்துவிடும்.

சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெரு. என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான் அங்கே போனோம். குவார்ட்டர்ஸ் அதன் சௌகரியத்துக்குத்தான் கிடைத்தது. அதுவரை அந்த அம்மாவின் ஆட்சியில் இருந்தோம். மற்ற இரண்டு போர்ஷன்களில் ஒன்றில் ரிட்டயர்டு கிளார்க் ஒருவரும் அவர் மனைவியும், இன்னொன்றில் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பிரம்மச்சாரி. நேரில் பேசும்போது எல்லோருக்கும் அவர் "அம்மா". அவர் காது கேட்காத தூரத்தில் "இடுக்கியம்மா".

எல்லாம் ஒரு நோட்டீஸில் ஆரம்பித்தது. வீட்டு வரியோடு குப்பைக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும் என்று வந்திருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "திடக்கழிவு மேலாண்மை சேவைக் கட்டணம்" என்று மூச்சுப் பிடித்து வாசித்தேன்.

"அப்படின்னா என்ன சாமி?"

"குப்பை எடுக்கறதுக்குக் காசுங்க."

"அதுக்கு எதுக்கு இத்தன நீளம்? அவனுக்கே கூச்சமா இருக்குதாட்ட இருக்குது."

கூச்சம் அரசாங்கத்துக்கு இருந்ததோ என்னவோ, அம்மாவுக்குச் சுத்தமாக இல்லை. அன்று சாயங்காலமே எங்களை எல்லாம் வாசலில் கூட்டி வைத்துப் பேசினார். "குப்பை போடறது நீங்க. காசு கட்டறது நானா? என்ற ஊட்டுல அது நடக்காது."

கிளார்க் நியாயமான மனிதர். எல்லோருமாகச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முருங்கக்கீரை திங்கறவனும் கறி திங்கறவனும் ஒண்ணாங்க? நோம்பிக்கு நோம்பி துணி எடுக்கறவளும் நாளுக்கொரு பொட்டி வாங்கறவனும் ஒண்ணாங்க? ஆரு எவ்வளவு போடறாங்களோ அவ்வளவு காசு. அதுதான் ஞாயம்." பேச்சு முடிந்தது. உள்ளே போய்விட்டார்.

என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது போனைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்லயும் இப்படித்தானாம். போடற அளவுக்குத்தான் காசாம். அம்மா சொல்றது சரிதான்" என்றார்.

"அங்கயும் இடுக்கியோட வந்து கிளறிப் பாக்கறாங்களா?" என்று கேட்டேன். அதற்குமேல் போன் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாநகராட்சிக்குக் குப்பை இரண்டு வகை. மக்குவது, மக்காதது. அம்மாவுக்கு அது போதவில்லை. மூன்றாவதாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். மானக் குப்பை. பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி, யாரும் பார்க்கக் கூடாதென்று வாளிக்கு அடியில் நாம் ஒளித்து வைப்பதெல்லாம் அதில் சேர்த்தி. பிரம்மச்சாரியின் பாட்டில், கிளார்க் மாமியின் தலைச்சாயப் பொட்டலம், சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டு நான் மாதம் தவறாமல் வைக்கிற நாப்கின் கட்டுகள். மூன்றில் இதற்குத்தான் காசு அதிகம்.

"ஏம்மா, இதோட எடை கம்மிதானே?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எடைக்கா காசு? மறைக்கறதுக்குத்தான் சாமி காசு. மறைக்க வேண்டாம்னா பேப்பரு சுத்தாத போடு, கொறச்சு வாங்கிக்கறேன்."

கொடுத்தேன்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் குப்பையே கிடையாது என்பது அவர் கொள்கை. காய்கறித் தோல் எல்லாம் புழக்கடையில் இருந்த கோழிகளுக்கு. பால் கவரைக் கழுவிக் காயப்போட்டு, அடுக்கி வைத்து, பழைய பேப்பர்காரனிடம் பேரம் பேசுவார். ஆகவே அவர் பங்குக்குக் காசு இல்லை. எங்களிடம் வாங்கியது அவர் கட்டியதைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்று எங்களில் யாரும் நம்பவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வீடு வேறு தேட வேண்டியிருக்கும்.

கிளார்க்கின் கதைதான் பெரிய அக்கிரமம். பென்ஷன் வந்த நாளிலிருந்து அவருக்குப் போனில் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கும் வியாதி. கால் பிடித்துவிடும் மெஷின், முதுகு சொறியும் குச்சி, இருட்டில் எரியும் செருப்பு என்று தினம் ஒரு பெட்டி வரும். மக்காத குப்பை என்று ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் அவரிடம் அம்மா காசு வாங்குவார். வாங்கிவிட்டு அதே பெட்டியை மடித்துப் பழைய பேப்பர்காரனிடம் விற்பார். அட்டை மக்கும் வகை என்று கிளார்க் நோட்டீஸைக் காட்டி வாதாடிப் பார்த்தார்.

"மக்குமா? அப்ப உங்க ஊட்டுக்குள்ளயே வெச்சு மக்க வெய்யுங்க" என்றுவிட்டார் அம்மா. கிளார்க் அதோடு நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பிரம்மச்சாரி பாவம், கோழி இல்லாமல் இருக்க முடியாத பையன். கறி எலும்புக்கு அம்மா வைத்திருந்த ரேட்டுக்குப் பயந்து, தின்ற எலும்பை டிபன் பாக்ஸில் அடைத்து, பஸ் ஏறும் இடத்தில் கொட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். ஒருநாள் அவசரத்தில் டப்பா மாறிவிட்டது. மதியம் ஆபீஸில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைத் திறந்தபோது, இவன் திறந்ததில் முந்தின நாள் எலும்புகள். தயிர்சாதம் பஸ் ஸ்டாப் நாய்க்குப் போயிருந்தது. மேனேஜர், "சம்பளம் பத்தலைன்னா சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாராம். சாயங்காலம் வந்து அவன் இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எலும்ப இத்தன நாளா வெளிய தாட்டி விட்டிருக்கற" என்று சொல்லி, பழைய பாக்கியையும் சேர்த்துக் கேட்டார்.

குப்பை வண்டியோடு வருகிற அக்கா எங்கள் வாளிகளை வாங்கும்போதெல்லாம், "இந்த வீட்ல மட்டும் எனக்கு வேலையே இல்ல. எல்லாத்தையும் இந்தம்மாவே பாத்து வெச்சிருது" என்பாள். ஒருநாள், "பேசாம எங்ககூட வண்டியில ஏறிருங்கம்மா" என்று அழைப்பே விடுத்தாள். "சம்பளம் ஆரு குடுப்பா?" என்று கேட்டார் அம்மா. கேலி என்று நினைத்துக் கேட்கவில்லை. நிஜமாகவே விசாரித்தார்.

அவர் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் திருச்செங்கோட்டுப் பக்கம் தறிப்பட்டறையில் நூல் கோன்களை வாங்கி அடுக்கியது அவர் வேலை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே ஈர நூலா, எடை குறைவா என்று சொல்லிவிடுவாராம். நூல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வாளியிலிருந்து எதை எடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்.

இதுவரைக்கும் சிரிக்கிற கதைதான். எனக்குச் சிரிப்பு நின்றது வேறு விஷயத்தில்.

என் மாமியார் கெங்கவல்லியில் இருக்கிறார். அவரும் அம்மாவும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட சிநேகிதம். அந்தப் பழக்கத்தில்தான் எங்களுக்கு இந்த வீடே கிடைத்தது. இரண்டு பேருக்கும் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்துதான் எனக்குக் கெட்ட காலம் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி எனக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. முதல் தடவை நாள் தள்ளியதுமே மாமியார் கெங்கவல்லி முழுக்கச் சொல்லி, சர்க்கரை கொடுத்துவிட்டார். கலைந்தபோது அதே கெங்கவல்லி வரிசையாகப் போன் போட்டுத் துக்கம் கேட்டது. இரண்டாவது தடவையும் சர்க்கரை, துக்கம், அதே வரிசை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "பொறுமையா இரும்மா, உனக்கும் ஒரு காலம் வரும்" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மாமியார் போனில், "என்னாம்மா, இந்த மாசமும் ஒண்ணும் இல்லையாமே?" என்றார்.

இல்லையாமே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்லவில்லை, என் கணவர் சொல்லவில்லை. பிறகு யார் சொன்னது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று காலைதான் என் கட்டு இடுக்கியில் தொங்கியது.

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். "அம்மா, எங்க வாளியில இருக்கறத ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க."

அவர் துளியும் பதறவில்லை. "ஊருக்கா சொன்னேன்? உன்ற மாமியாளுக்குத்தான சொன்னேன். கட்டு வந்துச்சான்னு கேட்டா. வந்துச்சுன்னேன். வந்தத வரலைன்னு சொல்லச் சொல்றயா? என்ற வாயில பொய் வராது சாமி."

பொய் வராது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடுக்கியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். அட்வான்ஸ் அவர் கையில் இருந்தது. திரும்பி வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் தடவை நின்றபோது நானும் என் கணவரும் முடிவு செய்துகொண்டோம். ஐந்தாம் மாத ஸ்கேன் நல்லபடியாக முடிகிற வரைக்கும் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. இன்னொரு முறை சர்க்கரையும் துக்கமும் வந்தால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை, எல்லாம் என் கணவரின் சாப்பாட்டுப் பையில் ஏறி ஜங்ஷன் குப்பைத் தொட்டிக்குப் போயின. பிரம்மச்சாரியின் எலும்பு போன அதே பாதை. ஆனால் ஒன்று இடித்தது. கட்டு வராவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் கெங்கவல்லிக்குத் தெரிந்த மாதிரி.

எனவே நான் பொய்க் குப்பை போட ஆரம்பித்தேன். கடையில் காசு கொடுத்துப் புது நாப்கின் வாங்கி, பிரித்து, மடித்து, பேப்பரில் சுற்றி, சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டு, வாளிக்கு அடியில் மறைத்து வைத்தேன். அதற்கு மானக் குப்பைக் காசும் கொடுத்தேன். புத்தம்புதுச் சாமானைக் குப்பையில் போட்டு, அதைப் போட்டதற்கும் காசு கட்டிய ஒரே ஆள் சேலம் மாநகராட்சியில் நானாகத்தான் இருக்கும்.

முதல் மாதம் இடுக்கி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் அம்மா கூப்பிட்டார்.

"சாமி, ஒருக்கா இங்க வா."

போனேன். கட்டை உள்ளங்கையில் வைத்திருந்தார். மேலும் கீழும் ஆட்டினார்.

"இது எடை இல்லியே" என்றார்.

இன்னொரு முறை ஆட்டினார்.

"போன மாசமும் இல்ல. செரி, நம்ம கைக்குத்தான் வயசாயிப் போச்சாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "எத்தன மாசம்?"

அவ்வளவுதான். வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். "அம்மா, அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஸ்கேன் முடியட்டும். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"காலு வலிதான் சாமி. புடிச்சா நல்லதுதான்" என்றார். அழுகையிலும் எனக்கு எரிச்சல் வந்தது. "ஆனா அவ கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"தெரிஞ்சா செரி. அப்ப நீ மாசா மாசம் கட்டு போட்டறோணும். கட்டு வந்தாத்தான கட்டு வந்துச்சுன்னு நான் சொல்ல முடியும்? நீ பாட்டுக்கு நிறுத்திப் போட்டீனா என்னால ஒண்ணும் ஆவாது, ஆமா."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

"அப்பறம் இப்படி வெறும் பஞ்ச வெக்காத. தண்ணியில நனச்சுக் கட்டு. எடை வேணுமில்ல? ஆராச்சும் எடுத்துப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"உங்களத் தவிர யாரும்மா எடுத்துப் பாப்பாங்க?"

"பாக்கறதுக்கு ஊருல ஆளா இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். எதற்கென்று விழித்தேன்.

"காசு."

"இதுல குப்பையே இல்லீங்களேம்மா!"

"மானம் இருக்குதில்ல? இத்தன நாளா நான் எதுக்குக் காசு வாங்கறேன்னு நெனச்ச?"

கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தேன். இப்படி ஒரு மனுஷியை என்ன செய்வது?

சொன்னபடி அடுத்த மாதம் தண்ணீரில் நனைத்துக் கட்டினேன். அம்மாவுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேசத் தெரியும். நான் துணி காயப்போடுகிற இடத்திலிருந்தே எல்லாம் கேட்டது.

"என்னாக்கா, இந்த மாசம் எதாச்சும் உண்டா?" என்று கெங்கவல்லி கேட்டது. கையில் இருந்த ஈரத்துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கட்டு வந்துச்சுங்க" என்றார் அம்மா. "இந்தக் கையிலதான் எடுத்துப் பாத்தேன். நல்ல எடை."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டு, வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தது. "அட உடுங்க. அதது அதது நேரத்துக்கு வரும். உங்க கண்ணு எப்படி இருக்குது, அதச் சொல்லுங்க" என்று பேச்சை வெட்டிவிட்டார்.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. அன்றே மாமியாருக்குச் சொன்னோம். சந்தோஷப்பட்டார், அழுதார், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். என்னிடம் காட்டாத கோபத்தை அம்மாவிடம் காட்டினார். மறுபடியும் ஸ்பீக்கர். "மாசா மாசம் கட்டு வந்துச்சுன்னு சொன்னியே, இது என்னா நியாயம்?"

"வந்துச்சே! வந்தத வந்துச்சுன்னேன். உள்ள என்ன இருக்குதுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

மகள் பிறந்து, என் தாய்வீட்டிலிருந்து அவளோடு நான் சூரமங்கலத்துக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை. ராத்திரி முழுக்கச் சேர்ந்த டயாப்பர்களை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டு, வாளிக்கு அடியில் வைத்தேன். மானக் குப்பை ரேட்டில் இத்தனைக்கும் கொடுத்தால் என் கணவரின் சம்பளம் என்னாவது என்று கவலையாகவும் இருந்தது.

இடுக்கி உள்ளே போனது. கட்டு ஒன்றை வெளியே எடுத்தது.

"இது என்ன சாமி?"

"டயாப்பருங்க."

"அத எதுக்கு இப்படிச் சுத்திக் கட்டி, ஒளிச்சு வெச்சிருக்கற?"

"மானக் குப்பைங்களேம்மா" என்றேன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இதுல என்னடி மானம்? நீ பட்ட பாட்டுக்கு இத ஒளிப்பாங்களா? பிரிச்சுப் போடு. எல்லாத்தையும் பிரிச்சு மேலாப்புல போடு. தெருவே பாக்கட்டும்!"

வண்டிக்கார அக்கா சிரித்துக்கொண்டே நின்றாள். கிளார்க் மாமி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒவ்வொரு பேப்பராகப் பிரித்து எறிந்தேன். எத்தனையோ மாதம் சுற்றிச் சுற்றி மறைத்த கை. தெருவில் அத்தனை பேர் பார்க்க, குப்பை வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிரித்துப் போட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மா ஒன்றை இடுக்கியால் கவ்வி, மேலும் கீழும் ஆட்டினார்.

"நல்ல எடை" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "மக்காத குப்பை. அதுக்குண்டான காசக் குடுத்துரு."